பொருநை நீரில் ஒரு வேதியியல் பாடம்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி



காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறோம், பல் துலக்குகிறோம், காப்பி குடிக்கிறோம், குளிக்கிறோம், பள்ளிக்கு வரும்போது தண்ணீர்ப் போத்தலைப் பையில் வைத்துக்கொள்கிறோம். மணி எட்டு ஆவதற்குள் எத்தனை முறை நீரைத் தொட்டுவிட்டோம் என்று நம்மில் யாராவது எண்ணியதுண்டா? குழாயைத் திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது. எளிதில் கிடைக்கும் பொருளைப்பற்றி நாம் சிந்திப்பதில்லை. குழாயில் தண்ணீர் வராத அன்றைக்குத்தான் வீடு முழுவதும் அதைப்பற்றியே பேச்சு.

பொதிகை மலையில் பிறந்து, நம் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இரு கரைகளிலும் வைத்து நடுவே ஓடும் தாமிரபரணியை நாம் நாள்தோறும் பாலத்தின்மேல் கடக்கிறோம். சுலோசன முதலியாரின் கொடையால் 1843-இல் எழுந்த அந்தப் பாலத்தின் கீழே ஓடும் நீரில் ஒரு முழு வேதியியல் பாடமே அடங்கியிருக்கிறது என்பதை இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நாங்கள் கண்டோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து குழாய்களும் ஒரு வாக்கெடுப்பும்

எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமையன்று, "திங்கட்கிழமை வரும்போது அவரவர் ஊர்த் தண்ணீரில் ஒரு சிறு போத்தல் கொண்டு வாருங்கள்" என்றார்கள். திங்கட்கிழமை மேசைமேல் பதினான்கு போத்தல்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் நான்கைச் சிஸ்டர் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீர். இரண்டாவது, வண்ணாரப்பேட்டைப் பக்கம் எடுத்த ஆற்று நீர். மூன்றாவது, தாழையூத்துக்கு அருகில் ஒரு தோழியின் வீட்டுக் கிணற்று நீர். நான்காவது, திருச்செந்தூர்க் கடல் நீர். கிணற்று நீரில் பாதியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டோம்.

சோதனைக்கு முன் சிஸ்டர் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். "இவற்றுள் எது நல்ல தண்ணீர்? பார்வையால் மட்டும் சொல்லுங்கள்" என்றார்கள். ஆற்று நீர் சற்றே கலங்கலாக இருந்தது. கிணற்று நீரோ கண்ணாடிபோல் பளிச்சென்று இருந்தது. எங்களில் பெரும்பாலோர் கிணற்று நீருக்கே கையை உயர்த்தினோம்.

பிறகு ஐந்து சோதனைக்குழாய்களில் சம அளவு நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் குலுக்கினோம். மழைநீரில் உடனே நுரை பொங்கி நெடுநேரம் நின்றது. கலங்கிய ஆற்று நீரிலும் நன்றாக நுரைத்தது. நாங்கள் வாக்களித்த கிணற்று நீரில் நுரையே வரவில்லை. தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. அதே நீரைக் கொதிக்கவைத்த குழாயில் ஓரளவு நுரை வந்தது. ஆனால் ஆற்று நீரின் அளவுக்கு இல்லை. கடல் நீரில் நுரை வரவே இல்லை.

இதைக் கேட்ட எங்களுள் ஒருத்தியின் ஆச்சி வியப்படையவில்லையாம். "ஏட்டி, இதுக்கா பள்ளிக்கூடம் போகணும்? வாய்க்கால் தண்ணியில பருப்பு பஞ்சா வேகும். கிணத்துத் தண்ணியில விடிய விடிய வச்சாலும் வேகாதே. எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்களாம். ஆச்சிக்குத் தெரிந்த உண்மைக்குக் காரணம் என்ன? அதைத் தேடித்தான் நாங்கள் பாடப் புத்தகத்தைத் திறந்தோம்.

நீர் ஒரு சேர்மம்

பழங்கால அறிஞர்கள் நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாகவும், பிரிக்க இயலாத மூலப்பொருளாகவும் எண்ணியிருந்தனர். 1780-களில் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜன் வாயுவை எரித்தபோது நீர் உண்டாவதைக் கண்டார். பிரான்சின் லவாய்சியர், நீர் ஒரு தனிமம் அன்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மமே என்று விளக்கினார். 'ஹைட்ரஜன்' என்ற பெயருக்கே 'நீரை உண்டாக்குவது' என்பது பொருள்.

நீரின் ஒரு மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. எடைப்படி பார்த்தால் 9 கிராம் நீரில் 1 கிராம் ஹைட்ரஜன், 8 கிராம் ஆக்சிஜன். எரியும் வாயு ஒன்று. எரிவதற்குத் துணைபுரியும் வாயு மற்றொன்று. இரண்டும் கூடினால் நெருப்பை அணைக்கும் நீர்! சேர்மத்தின் பண்பு அதன் தனிமங்களின் பண்பிலிருந்து முற்றிலும் மாறுபடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

இம்மூன்று அணுக்களும் நேர்கோட்டில் நிற்பதில்லை. இரு ஹைட்ரஜன்களும் ஆக்சிஜனின் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் நிற்கின்றன. எலெக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் சற்று மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. ஆகவே மூலக்கூறின் ஒரு முனை சிறிது எதிர்மின் தன்மையும், மறுமுனை சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இத்தகையதை முனைவுறு மூலக்கூறு என்பர். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைக் கவர்கிறது. இக்கவர்ச்சிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். இடைவேளையில் கைகோத்து நிற்கும் சிறுமிகளைப்போல நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றிக்கொள்கின்றன.

இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் என்னவாகும்? நீரைப்போலவே அமைந்த ஹைட்ரஜன் சல்பைடு சுழிக்குக் கீழே 60 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. அதைவிட எடை குறைந்த நீர் அதற்கும் முன்பே ஆவியாகியிருக்க வேண்டும். ஆனால் நீர் 100 பாகையில்தான் கொதிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற ஒன்று இல்லையெனில் ஆறும் இல்லை, கடலும் இல்லை, நாமும் இல்லை.

ஆற்று மணலும் மண்பானையும்

மே மாதத்தில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். நண்பகலில் மணலில் கால் வைக்க முடியாது, பொரிந்துவிடும். ஓடிப்போய்த் தண்ணீரில் காலை வைத்தால் குளிர்ச்சி! ஒரே வெயில்தானே இரண்டின்மீதும் விழுகிறது?

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். அதே எடையுள்ள மணலுக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போதும். நீர் மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே குளிர்கிறது. கடற்கரையூர்களில் பகலும் இரவும் மிகவும் மாறுபடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நம் உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நீர். ஆகவே வெயிலில் விளையாடினாலும் உடலின் வெப்பநிலை சட்டென்று ஏறிவிடுவதில்லை.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. கொதிநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இன்னும் சற்று மிகுதி. அவ்வெப்பத்தைப் பானையிலுள்ள நீரிடமிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. நமக்கு வியர்ப்பதும் இதே முறையில்தான். இறைவன் ஒவ்வொருவர் தோலிலும் ஒரு மண்பானையை வைத்திருக்கிறார் எனலாம்.

பிற திரவங்கள் உறையும்போது பெரும்பாலும் சுருங்கி அடியில் தங்கும். நீரோ 4 பாகையில்தான் மிக அடர்த்தியானது; உறைந்ததும் விரிந்து மிதக்கிறது. நன்னாரி சர்பத்தில் பனிக்கட்டி மிதப்பதை நாம் பார்க்கவில்லையா? குளிர்நாட்டு ஏரிகள் மேற்புறத்தில் உறைந்தாலும் அடியில் நீர் இருக்க, மீன்கள் பிழைத்துக்கொள்வது இப்பண்பினால்தான்.

கரைக்கும் ஆற்றல்

இப்போது ஆச்சியின் பருப்புக்கு வருவோம். முனைவுறு மூலக்கூறுகளாலான நீர், உப்புபோன்ற பொருள்களின் நேரயனியையும் எதிரயனியையும் தனித்தனியே சூழ்ந்து பிரித்துவிடும். 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பு கரைகிறது. இத்தனை வகைப் பொருள்களைக் கரைக்கும் வேறு எளிய திரவம் இல்லை. ஆகவே தான் செல்லும் வழியில் உள்ளதையெல்லாம் சிறிது சிறிதாக அள்ளிக்கொண்டு போவது நீரின் இயல்பு.

மழைநீர் விழும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வலுக் குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. பொதிகைப் பாறைகள் எளிதில் கரையாத கருங்கல் வகையைச் சேர்ந்தவை. அவற்றின்மேல் வழிந்து விரைவாக ஓடிவரும் ஆற்று நீரில் கரைந்த உப்புகள் குறைவு. அதனால் அது மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கிறது.

தாழையூத்துப் பக்கத்து நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. அங்குச் சிமெண்டுத் தொழிற்சாலை அமைந்ததும் அதனால்தான். அத்தகைய நிலத்தில் மெல்ல ஊறி இறங்கும் மழைநீர், சுண்ணாம்புக்கல்லைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீர் பளிங்காகவே இருக்கும். ஆனால் அந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வீழ்படிவாகிறது. நாங்கள் கண்ட வெள்ளைத் துணுக்குகள் அவையே. கால்சியம் முழுவதும் தீர்ந்தபிறகே நுரை வரும். அதுவரை சோப்பு வீண். இந்நீரே கடின நீர்.

பருப்பு வேகாததற்கும் கால்சியமே காரணம். பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டின் என்ற பொருளோடு அது சேர்ந்து இறுகிவிடுவதால் பருப்பு மலர்வதில்லை. ஆச்சி சொன்னது சரியே!

கொதிக்கவைத்தபோது சிறிது நுரை வந்ததே, அது எப்படி? கொதிக்கும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட் அடியில் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவது இதுதான். இவ்வாறு நீங்குவது தற்காலிகக் கடினத்தன்மை. கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகளாலும் குளோரைடுகளாலும் உண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதித்தாலும் அது போகாது. ஐந்தாம் குழாயில் சிறிது சலவைச் சோடாவைப் போட்டதும் மீதிக் கால்சியமும் படிய, நுரை பொங்கியது. நாங்கள் கைதட்டினோம்.

கடின நீர் குடிப்பதற்கு நஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியதே. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

நெல்லை அல்வாவின் சுவைக்கும் ஆற்று நீரே காரணம் என்று நம் ஊரார் சொல்வதுண்டு. இதை நாங்கள் சோதனைக்குழாயில் நிரூபிக்கவில்லை. பலமுறை சாப்பிட்டுப் பார்த்ததோடு சரி.

மலை முதல் உப்பளம் வரை

தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்கு நீர் தருகின்றன. ஆகவேதான் கார், பிசானம் என்று இரு போகம் விளைகிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் முடிய எட்டு அணைக்கட்டுகள் அந்நீரை வாய்க்கால்களுக்குத் திருப்புகின்றன. சிவகளையில் கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்த நெல் உமி ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் பழமையானது என்று ஆய்வில் தெரிந்ததாக 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை காலமாக இந்த நீர் நெல்லாகி, நெல் சோறாகி, சோறு நம் முன்னோரின் உடலாகியிருக்கிறது.

நீர் நெல்லாவது எவ்வாறு? இலையிலுள்ள பச்சையம், சூரிய ஒளியின் துணையால் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அப்போது வெளிவரும் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதன்று. பிளவுபட்ட நீரிலிருந்தே வருவது. நாம் சுவாசிக்கும் காற்றும் ஒரு வகையில் நீரின் கொடையே.

ஆறு சுமந்துவரும் உப்பு சிறிதுதான். உலகின் ஆறுகள் அனைத்தும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவ்வாறு கொண்டுவந்து சேர்த்ததும், கடலடிப் பாறைகள் தந்ததும் கூடி, கடல்நீரில் இன்று கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் நீரை மட்டும் ஆவியாக்கி எடுத்துக்கொள்ள, முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும், பின்னர் சமையல் உப்பும் முறையாகப் படிகின்றன. மேலே போன ஆவி மேகமாகிப் பொதிகையில் மீண்டும் மழையாகிறது. கரைத்துச் சுமப்பதும், சுமையை இறக்கிவிட்டுத் தூய்மையாக மேலெழுவதுமாக நீரின் பயணம் முடிவில்லாதது.

ஆற்றுக்கும் மூச்சு உண்டு

நீரில் உப்பு மட்டுமா கரைகிறது? ஆக்சிஜனும் கரைகிறது. 25 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வெப்பம் ஏற ஏற அது இன்னும் குறையும். மீன்கள் சுவாசிப்பது இச்சிறிய அளவையே நம்பி. பாபநாசத்தில் அருவியாக விழும்போதும், அணைக்கட்டுகளின்மேல் வழியும்போதும் நீர் காற்றோடு கலந்து ஆக்சிஜனைப் பெறுகிறது.

சாக்கடை நீர் ஆற்றில் கலந்தால் என்ன நிகழ்கிறது? அதிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை ஆக்சிஜனைச் செலவழித்துவிட, மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. கழிவிலும் உரத்திலுமுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அமலைச் செடியை வளர்க்கின்றன. அது ஆற்றின்மேல் பச்சைப் போர்வைபோல் படர்ந்து ஒளியைத் தடுக்கிறது. நகரக் கழிவு பல இடங்களில் நம் ஆற்றில் கலக்கிறது. பரிகாரம் என்று சொல்லிப் பழைய துணிகளை ஆற்றில் விட்டுச்செல்வோரும் உண்டு. எல்லாவற்றையும் கரைக்கும் நீரால், நாம் போடும் அழுக்கை மட்டும் கரைக்க மாட்டேன் என்று மறுக்க முடியுமா? நல்லதை ஏற்கும் அதே பண்பினால்தான் அது தீயதையும் ஏற்கிறது.

வெள்ளத்தில் கற்ற பாடம்

சோதனை நடந்த அன்று வாக்களிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எங்களுள் ஒருத்தி மட்டுமே. காரணம் கேட்டபோது அவள் சொன்னதை அவளுடைய இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் இரு மாவட்டங்களிலும் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அப்போது அவள் குடும்பம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. வீட்டைச் சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. வெள்ளம் வடிந்தபிறகும் குழாயில் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக் கிணற்றில் சேறு அடங்கி, நீர் தெளிந்து நின்றது. படிகாரம் வேறு போட்டார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கே" என்று அவள்தான் இறைத்துக் கொடுத்தாளாம். விறகெல்லாம் நனைந்திருந்ததால் கொதிக்கவைக்கவில்லை. அதைக் குடித்த அவளுடைய நான்கு வயதுத் தம்பிக்கு மறுநாளே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மாலைக்குள் கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, அழக்கூடக் கண்ணீர் இல்லாமல் கிடந்தானாம்.

"நான் கொடுத்த தண்ணீர்" என்று சொல்லும்போது அவள் குரல் அடைத்துக்கொண்டது. வகுப்பே அமைதியாயிற்று.

படிகாரம் சேற்றைத்தான் படியவைக்கும், தேற்றாங்கொட்டையும் அவ்வாறே. கிருமியை அவை முற்றிலும் நீக்கா. தெளிவு வேறு, தூய்மை வேறு. நீரைக் குமிழி பொங்கக் குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும். அல்லது உரிய அளவில் குளோரின் சேர்க்க வேண்டும். அன்றிருந்த நிலையில் இதையெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி எவ்வாறு அறிவாள்?

அவனைக் காப்பாற்றியதும் நீரே. ஊருக்கு வந்த செவிலியர் ஒரு சிறு உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொன்னார். இரவு முழுவதும் அவளும் அம்மாவும் மாறி மாறிப் புகட்டினார்கள். விடியற்காலையில் அவனுக்குச் சிறுநீர் பிரிந்தது. "பிழைத்துக்கொண்டான்" என்றார் செவிலியர். பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது.

அப்பொட்டலத்தில் இருப்பது என்ன? 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். நோயுற்ற குடலாலும் குளுகோசை உறிஞ்ச முடியும். குளுகோஸ் தன்னோடு சோடியத்தை அழைத்துச் செல்கிறது. அவ்விரண்டின் பின்னே நீர் செல்கிறது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் மருந்து தீர்ந்துவிட, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்தபின் 2023-இல் நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு மிகவும் முக்கியம். உப்பு கூடினால் தீங்கு. குழந்தை சோர்ந்து போனால் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோர்களே, இவ்வளவை மட்டுமாவது அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

முடிவுரை

அன்று சிஸ்டர் அவளை அருகில் அழைத்து, "அம்மா, அன்று நீ அறியாமல் கொடுத்தாய். இன்று அறிந்துகொண்டாய். உனக்குத் தெரிந்ததை இனி ஊருக்குச் சொல். படிப்பு எதற்காக?" என்றார்கள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் அறுவர் அவளோடு அவள் ஊருக்குச் சென்றோம். கிணற்றடியில் கூடிய தாய்மார்களுக்குச் சோதனைக்குழாயில் சோப்பு நுரையைக் காட்டினோம். உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவை அவளே சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய தம்பி கூட்டத்தின் நடுவே ஓடிவந்து, மீதியிருந்த கரைசலைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இனிக்குது" என்று சொல்லி ஓடிப்போனான். அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனுக்கு அடுத்தபடி மழையைப் போற்றிய அந்த முறையின் பொருள் எங்களுக்கு இவ்வாண்டுதான் விளங்கியது.

எனவே தோழியரே, குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆற்றில் குப்பையைப் போட மாட்டோம். போடுவோரைக் கண்டால் அன்போடு தடுப்போம். தெளிந்த நீரானாலும் ஐயம் இருப்பின் கொதிக்கவைத்தே பருகுவோம். நாளை காலை பாலத்தைக் கடக்கும்போது ஒரு கணம் கீழே குனிந்து பாருங்கள். பொதிகைப் பாறையும், வயலின் நெல்லும், மீனின் மூச்சும், நம் உடலின் குருதியும் அந்த நீரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைக் காப்பது நம்மையே காப்பதாகும்.